தட்டில் வாழும் விழித்திரை

முதிர்ந்த மீனின் விழித்திரையை உடலுக்கு வெளியே, ஆய்வகத் தட்டில் உயிரோடு வைத்து ஆராய்வது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் செய்துவரும் வேலை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்வது ஜீப்ரா மீன். அதன் விழித்திரை பழுதுபட்டால் அங்கே நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் முல்லர் செல்கள் மீண்டும் இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கி, இழந்த நரம்புச் செல்களைப் புதிதாக உண்டாக்குகின்றன. சில வாரங்களில் மீனுக்குப் பார்வை திரும்புகிறது. மனிதக் கண்ணிலும் முல்லர் செல்கள் உண்டு. ஆனால் காயம் பட்டால் அவை பெரும்பாலும் தழும்பாகித் தடித்துவிடுகின்றன. சர்க்கரை நோயால் பார்வை மங்கி டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வாழும் என் ஆயா இதைக் கேட்டதும், "மீனுக்குத் திரும்புற பார்வை மனுசனுக்கு ஏன்ம்மா திரும்பல?" என்றார். நாங்கள் தேடுவதும் அதற்கான விடையைத்தான்.

கருவிலுள்ள மீனின் கண்ணை எடுத்தால் வேலை எளிது. ஆனால் அங்கே செல்கள் எப்படியும் பெருகிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், புதிதாகத் தோன்றிய செல் வளர்ச்சியால் வந்ததா, காயம் ஆறுவதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதிர்ந்த மீனிலும் விழித்திரையின் ஓரம் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. ஆகவே கணக்கில் கொள்ள வேண்டியது நடுப்பகுதியைத்தான் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

திசுவை எடுப்பதற்கு முன் மீனைச் சில மணி நேரம் முழு இருட்டில் வைக்கிறோம். வெளிச்சத்தில், விழித்திரையின் பின்னால் ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்தின் கருந்துகள்கள் ஒளியுணர் செல்களுக்கிடையே நீண்டு அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. இருட்டில் அவை பின்வாங்கிவிடுவதால் விழித்திரை கிழியாமல் கழன்று வரும். பிறகு, மயக்க மருந்தில் உயிர் பிரிந்த மீனின் கண்ணை மங்கிய சிவப்பு விளக்கில் எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறோம். கண்ணின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். கருவிழிப் படலத்தைச் சுற்றி வெட்டி, மெல்லிய இடுக்கியால் லென்ஸை எடுத்தபின், அடியில் பார்வை நரம்பு ஒன்று மட்டுமே விழித்திரையைப் பிடித்திருக்கும். அதையும் துண்டித்து, ஓரத்தில் நான்கு வெட்டுகள் வைத்தால், கிண்ணம் போலிருந்த திசு நுண்துளைச் சவ்வின் மேல் தட்டையாகப் படியும். திசுவுக்கு ஊட்டம் தரும் திரவமான ஊடகம் சவ்வின் கீழே மட்டும் இருக்க வேண்டும். இரத்த ஓட்டம் நின்றுபோன திசுவுக்கு மேலிருந்து காற்று எட்டவேண்டும் என்பதால், முழுக்க மூழ்கடித்தால் உள்ளடுக்குகள் மூச்சின்றிச் செத்துப்போகும்.

மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2023இல் இந்த வேலை எப்படி நடந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் தட்டுகளுக்குப் பெரிய ஆபத்து வரவில்லை. மீன் திசுவுக்கு ஏற்ற வெப்பம் 28 டிகிரி செல்சியஸை ஒட்டியது. டர்பனின் கோடையும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. நாங்கள் பயன்படுத்தும் எல்-15 ஊடகத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு ஊட்டும் இன்குபேட்டரும் தேவையில்லை. தொல்லை முழுவதும் மீன் தொட்டிகளில்தான். 14 மணி நேர வெளிச்சம், 10 மணி நேர இருட்டு என்ற ஒழுங்கு குலையும். காற்றுக் குமிழ் நிற்கும். இருட்டுக்குப் பழக்கிய மீன்களின் மேல், மின்சாரம் வந்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்துவிட்டால், நிறமி மறுபடி நீண்டு அன்றைய திசு எடுப்பே வீணாகும். அந்த அறையின் விளக்குகளைத் தனிச் சுற்றுக்கு மாற்றிய பிறகே நிம்மதி வந்தது.

இந்த அனுபவத்தில் எனக்கு ஆழமாகப் பதிந்தது வேறொன்று. தட்டில் வைத்த விழித்திரை எதுவும் காயப்படாத விழித்திரை அல்ல. பார்வை நரம்பை வெட்டாமல் அதை வெளியே எடுக்கவே முடியாது. வெட்டிய கணத்திலேயே நரம்பிழை அறுந்த செல்கள் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. 1976இல் லாண்ட்ரெத், அக்ரனாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தங்கமீனில் இதை அழகாகக் காட்டினார்கள்: பார்வை நரம்பை முன்கூட்டியே நசுக்கி, இடைவெளி விட்டு எடுத்த விழித்திரையிலிருந்து, நசுக்காததைவிட மிகச் செழிப்பாக நரம்பிழைகள் வளர்ந்தன. திசு தன் காயத்தின் வரலாற்றைத் தட்டுக்குள்ளும் எடுத்துவருகிறது. அடுத்த ஆண்டு ஹீகாக்கும் அக்ரனாஃபும் அந்த இழைகள் கடிகார முள் சுற்றும் திசையில் வளைந்து வளர்வதாகப் பதிவு செய்தார்கள். நுண்ணோக்கியில் இழைகள் வளைவதைப் பார்க்கும் போதெல்லாம் அந்தக் கட்டுரை என் நினைவுக்கு வருகிறது.

ஆகவே ஏதோ ஒரு மருந்தைச் சேர்த்ததும் முல்லர் செல்கள் பிரிந்தன என்று யாரேனும் மகிழ்ச்சியோடு வந்து சொன்னால், மருந்து சேராத தட்டில் என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒவ்வொரு சோதனையிலும், எடுத்த உடனேயே பதப்படுத்திய ஒரு விழித்திரை, வெறும் ஊடகத்தில் அதே நாட்கள் இருந்த ஒன்று, நரம்பு மட்டும் வெட்டப்பட்டு மீனின் உடலிலேயே விடப்பட்ட ஒன்று ஆகியவற்றை ஒப்பிடுகிறோம். இதனால் மீன்களும் நாட்களும் கூடுதலாகச் செலவாகின்றன. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் ஒவ்வொரு மீனுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்ல நான் தயங்குவதில்லை. மருந்திட்ட தட்டில் கண்ட மாற்றம் இம்மூன்றிலும் இல்லாதபோதுதான், அதை விளைவு என்று குறிப்பேட்டில் எழுத ஒப்புகிறேன்.