கையெழுத்து வாங்கும் வேலை

முப்பத்தைந்து வருடம் பி.டி. டீச்சராக இருந்தேன். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுத்தீங்களாமே" என்று யாராவது கேட்டால் தலையாட்டிவிடுவேன். உண்மையில் பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்த நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் ஊர்த் திண்ணைகளில் போனது, பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு 1989இல் கடலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். கோ-கோ உண்டு, வளையப்பந்து உண்டு. கால்பந்து என்றதும் ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். 1980இலேயே கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் கோப்பை நடந்து, நம் நாட்டுப் பெண்கள் இறுதிப் போட்டி வரை ஆடியிருந்தார்கள். சொன்னேன். "அது கேரளா" என்றார் கணக்கு டீச்சர். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஸ்டோர் ரூமில் ஒரே ஒரு தோல் பந்து, பிளாடர் ஓட்டை. சைக்கிள் கடை அண்ணன் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கோல் கம்பத்துக்குச் சவுக்குக் கழி. எங்கள் கடற்கரையில் அதற்கா பஞ்சம்? ஆனால் மேல் கம்பம் 24 அடி வேண்டும். அவ்வளவு நீளத்துக்குச் சவுக்கு நடுவில் தொய்ந்துவிடும். அதனால் தேங்காய் நார்க் கயிறு கட்டினோம். பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்பதற்காக நடந்த சண்டைகளைத் தனியாகவே எழுதலாம். கோடு போடச் சுண்ணாம்பு. பிள்ளைகள் கோலம் போடுகிற மாதிரி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே நடந்தால் கோடு நூல் பிடித்தாற்போல் விழும். நடுவட்டத்துக்கு மட்டும் முளையடித்து, பத்து கஜக் கயிற்றைக் கட்டி ஒருத்தியைச் சுற்றி ஓடவிடுவேன்.

உடைதான் பெரிய பாடு. பாவாடைக்குள் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். கிரவுண்டில் பாவாடையைக் கழற்றி மடித்து வேப்பமரத்தடியில் வரிசையாக வைப்பார்கள். தெருப்பக்கம் யாராவது சொந்தக்காரர் சைக்கிளில் வந்தால் ஆட்டம் அப்படியே நிற்கும். பாதிப் பேர் மரத்தடிக்கு ஓடுவார்கள். 1991இல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. அதில் ஆட்டம் 80 நிமிடம்தான், ஆண்களுக்கு 90. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிள்ளைகள் விடிகாலையில் அடிபம்பில் ஆறு குடம் தண்ணீர் அடித்து வைத்துவிட்டுத்தான் பயிற்சிக்கே வருவார்கள்.

விதிகள் எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். 1992இல் ஒரு விதியை மாற்றினார்கள்: தன் அணியாள் காலால் வேண்டுமென்றே தள்ளிவிடும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. இரண்டு வருடம் கழித்தும் எனக்கு அது தெரியாது. குறுவட்டப் போட்டியில் எங்கள் கீப்பர் எடுத்தாள், ரெஃப்ரி விசில் ஊதினார், நான் கோட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகப் பையைத் திறந்து விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பக்கத்தை நின்று படித்தேன். அந்த அவமானத்தில்தான் ரெஃப்ரி தேர்வு எழுதினேன். பிறகு மாவட்ட ஆட்டங்களில் ஊதப் போவேன். வரிசையாக ஆண் ரெஃப்ரிகள் உட்கார்ந்திருக்க, "மேடம் லைன்ல நில்லுங்க" என்று கொடி மட்டும் கொடுப்பார்கள். திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃப்ரி ஆனார் என்று பல வருடம் கழித்துப் பேப்பரில் பார்த்தபோது அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். பீரோவில் இன்னும் இருக்கிறது.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன்.

1996. வருவாய் மாவட்டப் போட்டி. வலப்பக்கம் தடுத்து ஆடும் என் ரைட் பேக் பெண்ணின் அப்பா கடலுக்குப் போயிருந்தார், அம்மா இல்லை. விடிந்தால் பஸ். அவள் இல்லாவிட்டால் அணியே இல்லை. பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து, அவள் அப்பா பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது பாதியில் மோதி விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது.

மூன்றாம் நாள் அவர் பள்ளிக்கு வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். "அந்தக் கடுதாசியக் காட்டுங்க டீச்சரம்மா" என்றார். காட்டினேன். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன எழுதியிருக்கு?"

"உங்க பேருதாங்க."

"நான் கைநாட்டும்மா."

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. அவரே கேட்டார், மை இருக்கா என்று. ஆபீசிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்து வந்தேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடது பெருவிரலை அழுத்தி வைத்தார். "நாளைக்கு ஒங்க வேலைக்கு எதுவும் வரக் கூடாதுல்ல." விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பெண்ணை அதன் பிறகு கிரவுண்டுக்கு அனுப்பவே இல்லை. ஒருமுறை வீட்டு வாசல் வரை போனேன்; கூப்பிடத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம் யார் வீட்டில் இல்லையோ அவர் வரும்வரை காத்திருப்பேன். மீனவர் குப்பத்தில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் பெரிய படகுகள் கரையேறிவிடும். அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். கோடைப் பயிற்சி முகாமுக்குக் கையெழுத்து அப்போதுதான் சுலபம். வருடம் முழுவதற்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ள நினைத்ததுண்டு. செய்யவில்லை.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பயிற்சி வைப்போம். மணலில் ஓடினால் கால் உரமேறும். 2004 டிசம்பர் 26உம் ஞாயிறுதான். முந்தின நாள் கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை வேறு, அதனால் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. கடற்கரைப் பயிற்சியை மறுபடி தொடங்கவில்லை, மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு மாறினோம். தற்காலிகக் குடியிருப்புக்குக் கடிதத்தோடு போனால் தாய்மார்கள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "கூட்டிட்டுப் போங்க டீச்சர், இங்க இருந்தா அதையேதான் நெனச்சிக்கிட்டிருக்கும்." அவ்வளவு சுலபமாகக் கையெழுத்து கிடைத்த காலம் வேறில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

அடுத்த மாற்றம் 2018இல் வந்தது. கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2–1 என்று ஜெயித்தார்கள். அந்தக் கோப்பையை அதிக முறை வாங்கியவர்கள் மணிப்பூர்ப் பெண்கள்தான்; அவர்களை ஜெயிப்பது என்றால் என்னவென்று விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியிலும் ஆடி, போலீசில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லி நான் வாங்கிய கையெழுத்துகள் நிறைய. "ஆடினா போலீஸ் வேலை கிடைக்குமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை வாங்குவார்கள். கிடைக்கலாம் என்பேன். முழுப் பொய் இல்லை. ஆனால் என்னிடம் ஆடியவர்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் மீன் விற்கிறார்கள், நர்சாக இருக்கிறார்கள், திருப்பூரில் தைக்கிறார்கள். ஒருத்தி பஸ்ஸில் பார்த்து, "டீச்சர், ஆஃப்சைடு மட்டும் எனக்கு இன்னும் புரியவே இல்ல" என்றாள். பதினேழு வயது வரை ஃபார்வர்டு ஆடியவள்!

2024இல் ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்துக்குப் போகிறேன். வேப்பமரத்தடியில் பாவாடை மடித்து வைப்பதெல்லாம் இப்போது கிடையாது, வீட்டிலிருந்தே ஜெர்சியில் ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறார்கள். சம்மதக் கடிதமும் போய்விட்டது. பெயர் பதிவதெல்லாம் ஆன்லைன். போன மாதம் ஒரு போட்டிக்குப் பதிய மாலை ஐந்து மணி கடைசி நேரம். பதினாறு பேர் முடித்துவிட்டார்கள், ஒருத்திக்கு மட்டும் ஓடிபி வரவில்லை. அவள் அப்பாவின் நம்பர். போன் அவர் சட்டைப் பையில், அவர் படகில், படகு சிக்னல் இல்லாத தூரத்தில்.

"அம்மா நம்பர் போட்டு மாத்திடலாமா டீச்சர்?" என்றாள் புதுப் பயிற்சியாளர் பெண்.

"எத்தன மணிக்குக் கரைக்கு வருவாரு?"

"நாலு, நாலரை ஆகும் டீச்சர்."

மணி மூன்றே கால். காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பந்துகளுக்குக் காற்றடிக்க உட்கார்ந்தேன்.