கண்ணாடியைக் கழற்றிய பிறகு இருபது அடி

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கரையில், ஸ்கூபா டைவிங் பழக இறங்குமுன், தங்கையிடம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். எதிரே நின்றவளின் முகம் மறைந்து குரல் மட்டும் மிஞ்சியது. முதுகில் காற்றுச் சிலிண்டர், கையில் நீந்துவதற்குக் காலில் மாட்டும் ஃபின்ஸ். இருபது அடி தள்ளித்தான் கடல். அந்த இருபது அடிதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

என் வலக்கண் பவர் மைனஸ் 5.50, இடக்கண் மைனஸ் 5.00. படகிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் கவலை இல்லை. கண்ணாடியைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓர் அடி வைத்தால் தண்ணீர். கரையிலிருந்து போகிறவர்கள் கல்லும் பள்ளமும் பார்த்து நடக்க வேண்டும், அலையைக் கணிக்க வேண்டும், திரும்பும்போது எங்கே ஏறுவது என்று அடையாளம் தெரிய வேண்டும். பினாங்குக் கடல் கலங்கல்தான். பவளம் பார்க்க நாங்கள் அங்கே போகவில்லை. பவளத்துக்குப் பேர்போன புலாவ் பாயார் தீவுக்குப் போவதற்கு முன்னால் கரையிலிருந்து இறங்கிப் பழகத்தான் போனோம்.

முதல் தடவை செருப்புக்குள் கண்ணாடியைச் சொருகி வைத்துவிட்டு இறங்கினேன். வெளியே வருவதற்குள் நீர் ஏறிவிட்டது. தங்கையும் நானும் அரை மணி நேரம் ஈர மணலைத் துழாவினோம். கிடைத்தபோது ஒரு பக்கம் முழுக்கக் கீறல். அன்று வீடு வரை அவள்தான் கார் ஓட்டினாள். அதற்கப்புறம் காரில் பழைய கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கிறது.

சாதாரணக் கண்ணாடியை, கண்ணையும் மூக்கையும் மூடும் டைவிங் மாஸ்குக்குள் போட முடியாது. காதுக்குப் போகும் காம்பு சிலிக்கோன் விளிம்பைத் தூக்கிவிடும், தண்ணீர் உள்ளே வரும். அதனால் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் வாங்கினேன். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவை அரை அரையாகக் கூடும், சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர், இருக்காது. என் வலக்கண்ணில் அது மைனஸ் 1. லிட்டில் இந்தியா பக்கம் கண் பரிசோதித்த அக்கா அதில் பாதியை 5.50உடன் கூட்டி, 6.00 எடுக்கச் சொன்னார். சிலிண்டர் பவர் அதிகமாக இருப்பவர்கள் தனியாகச் செய்யக் கொடுப்பதே நல்லது.

காண்டாக்ட் லென்ஸ் போடுவோரும் உண்டு. ஒரே நாள் போட்டுத் தூக்கி எறியும் மென்மையான வகை என்றால் சரி. காற்றுப் புகாத பழைய கடின வகை வேண்டாம். மேலே ஏறும்போது அதற்கும் கருவிழிக்கும் நடுவில் குமிழிகள் சிக்கிக்கொள்ளும்.

நான் இரவெல்லாம் கலங்கியது, நீருக்கடியில் மாஸ்கைக் கழற்றி மறுபடி மாட்டும் பயிற்சியை நினைத்து. சொல்லிக்கொடுத்த தம்பி, “அக்கா, மாஸ்க் இல்லாட்டி எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது” என்றார். உண்மைதான். கண்ணை நேராகத் தண்ணீர் தொட்டால் கருவிழி ஒளியை வளைக்கும் சக்தி பெரும்பாலும் போய்விடும். பவர் இல்லாதவருக்கும் எல்லாம் கலங்கல்தான். கிட்டப்பார்வைக்காரருக்கு அந்தக் கலங்கல் ஒரு துளி குறைவு என்பதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு லேசானது. நான்கு மீட்டர் ஆழத்தில் மண்டியிட்டு, கண்ணை மூடி, கழற்றி, மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினேன். கண்ணைத் திறந்தால் தம்பியின் விரல் நகம் வரை தெளிவாகத் தெரிந்தது.

இப்போது கண்ணாடியைத் தண்ணீரோரத்தில் கழற்றுவதே இல்லை. மரநிழலில் உட்கார்ந்து, பேபி ஷாம்பூ தடவி அலசிய மாஸ்கை அங்கேயே மாட்டிக்கொள்கிறேன். பவர் லென்ஸ் தரையிலும் வேலை செய்கிறதே! மாஸ்க் வழியாகக் காலடி தெரியாது என்பதால் தங்கை முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீருக்குள் திருக்கை இருந்தால் விலகிப் போகட்டும் என்று மணலில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பேன். கண்ணாடிப் பெட்டி அவள் பையில், அவள் மஞ்சள் குடைக்கடியில்.

போன ஞாயிறு தலையை வெளியே தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் குடைதான். நேராக அதை நோக்கி ஏறினேன். மாஸ்கைக் கழற்றுமுன், ரோட்டோரக் கடைப் பலகையில் தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீயின் விலையையும் படித்துவிட்டேன்.