பச்சையாக இருந்தால் சரி

நியூயார்க்கில் 'மத்தியக் கிழக்கு உணவு' என்று போர்டு வைத்த கடைகளுக்குப் பஞ்சமில்லை. அசல் எகிப்தியச் சாப்பாடு வேண்டுமென்றால் குயின்ஸில் அஸ்டோரியா வரை ரயிலேற வேண்டும். அங்கே ஸ்டெயின்வே தெருவில் 28ஆம் அவென்யூவைத் தாண்டினால் 'குட்டி எகிப்து'. ஷீஷா எனும் ஹூக்காவின் புகையே வழிகாட்டும்.

என் சோதனை ஒன்றுதான்: தாமியாவைப் பிட்டுப் பார்ப்பேன். கொண்டைக்கடலையை அரைத்து வடைபோலப் பொரிக்கும் ஃபலாஃபெலின் எகிப்திய அண்ணன் அது. இதில் கொண்டைக்கடலை கிடையாது; ஃபாவா பீன்ஸோடு கொத்தமல்லித் தழையெல்லாம் சேர்த்து அரைப்பதால் உள்ளே பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

அப்புறம் கோஷரி. சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, மொறுமொறு வெங்காயம். சோற்றோடு மக்ரோனியா என்று முகம் சுளித்தவன்தான் நானும். பூண்டும் வினிகரும் கலந்த 'தக்கா' என்ற சாற்றை ஊற்றிய பிறகு பேச்சே இல்லை.