பிஜி வைஃபையில் டோரன்ட் போடுபவர்களுக்கு

பெங்களூரில் மடிவாளா, மாரத்தஹள்ளி பக்கம் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கி, எல்லாரும் ஒரே வைஃபையில் டோரன்ட் போட்டு, அதாவது ஒருவருக்கொருவர் கோப்புகளைத் துண்டு துண்டாகப் பகிரும் முறையில், திருட்டுத்தனமாகப் படம் இறக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

"பார்க்கத்தானே இறக்குறேன், விக்கலையே" என்கிறார்கள். டோரன்ட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. படம் இறங்க இறங்க, வந்து சேர்ந்த துண்டுகளை உங்கள் லேப்டாப்பே மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆக, நீங்களும் விநியோகம் செய்கிறீர்கள். டோரன்ட் செயலியில் 'பியர்ஸ்' (உங்களோடு பகிர்பவர்கள்) பகுதியைத் திறந்து பாருங்கள். வரிசையாக ஐபி முகவரிகள் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்), பக்கத்தில் நாட்டுக் கொடி, யார் எத்தனை சதவீதம் முடித்தார் என்ற கணக்கு. அவர்களுக்கும் உங்கள் முகவரி அப்படியே தெரியும். அந்தக் கூட்டத்தில் படக் கம்பெனிக்காகப் பட்டியல் எடுப்பவரும் இருக்கலாம்.

சரி, அந்த முகவரி பிஜி வைஃபையுடையது. அந்த இணைப்பு யார் பெயரில்? பிஜி நடத்தும் அக்கா பெயரில். விசாரணை என்று வந்தால் முதலில் அவர் வாசலில்தான் நிற்பார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

1957 பதிப்புரிமைச் சட்டம், 63-வது பிரிவு: தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம்தான். ஆனால் அதைச் சொல்லவே கோர்ட் படி ஏற வேண்டும். விபிஎன் (உங்கள் ஐபி முகவரியை மறைத்துக் காட்டும் சேவை) காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்லி விபிஎன் நிறுவனங்களுக்கு 2022-லேயே செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு போட்டிருக்கிறது.

டோரன்ட் என்ற தொழில்நுட்பமே குற்றமில்லை. லினக்ஸ் (இலவசமாகப் பகிர அனுமதியுள்ள இயங்குதளம்) வேண்டுமா, தாராளமாக டோரன்ட்டில் இறக்குங்கள்.