முன்பாரம், பின்பாரம்

திருக்கருகாவூர்க் கோயிலில் எங்கள் மகளைத் தங்கத் தொட்டிலில் இட்டுப் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு, பாபநாசத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பி இரண்டு நாட்களாகின்றன. கர்ப்பரட்சாம்பிகைக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை லண்டனில் பிறந்தாள். ஏழு மாதம் கழித்து, இந்த ஆடியில்தான் நேர்த்திக்கடனைச் செலுத்த முடிந்தது. தொட்டிலில் அவள் கிடந்தது சில நிமிடங்கள். பிறந்த பத்தாம் நாளிலிருந்து அவளைச் சுமந்துவரும் பிராம் என்ற குழந்தைத் தள்ளுவண்டி, இப்போது எங்கள் திண்ணையோரம் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பட்ட பாடு, வெளிநாட்டில் முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் நம் பக்கத்துப் பெண்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அம்மா லண்டனுக்கு வந்துவிட்டார். பிள்ளை மண்ணில் விழுவதற்கு முன் அதற்கென்று ஒரு துணிகூட எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அங்கேயோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய பொருட்களில் குழந்தையின் உடுப்பும் போர்வையும் இருந்தன. உடுப்புக்கு ஒருவாறு இணங்கிய அம்மா, வண்டிக்கு மட்டும் இணங்கவில்லை. கடைசியில், பார்த்து வைப்பதில் தோஷமில்லை, பணம் கொடுப்பது பிறந்த பிறகு என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அந்தத் தடை நல்லதாகவே போயிற்று. அது இல்லாதிருந்தால், முதல் கடையில் என் கண்ணைப் பறித்த வண்டியையே வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

கண்ணைப் பறித்தது, குடையைப் போல மடங்கும் மிக இலேசான வண்டி. நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி என்பதால், எடை ஒன்றுதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மடக்கு வண்டியை 1965இல் உருவாக்கியவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. கனமில்லாமல், ஒரு கையில் தூக்கிக்கொள்ளும்படி அவர் செய்த வண்டி எனக்காகவே செய்தது போலிருந்தது. ஆனால் அந்தக் கடையில் நான் பார்த்த வண்டியின் இருக்கை முழுவதும் சாயவில்லை. கழுத்து நிற்காத சிசுவை அரைகுறையாகச் சாய்த்து வைத்தால் தலை முன்பக்கம் தொங்கி, தாடை மார்பில் படிந்து, மூச்சுக்குழல் நெருக்குண்ணும். ஆகவே முதல் ஆறு மாதம் வரை, அதாவது பிள்ளை தானாக உட்காரும் வரை, மல்லாந்து சமமாகப் படுக்கக்கூடிய பெட்டித் தொட்டிலோ முற்றிலும் தட்டையாகச் சாயும் இருக்கையோ உள்ள வண்டிதான் வேண்டும்.

இதை அம்மாவுக்கு விளங்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உத்திரத்தில் கட்டிய பருத்திச் சேலைத் தூளியில் என்னையும் என் தம்பியையும் வளர்த்தவர் அவர். தூளியில் பிள்ளை வயிற்றுக்குள் இருந்தது போலவே குறுகிக் கிடக்கும், நீ சொல்வது பலகையில் கிடத்துவது போல இருக்கிறது என்றார். நானும் தூளியில் வளர்ந்தவள்தான் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் மல்லாக்க, கெட்டியான தட்டை மெத்தையில், தலையணையோ பொம்மையோ இல்லாமல் கிடத்த வேண்டும் என்று அங்குள்ள மருத்துவச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், உறக்கத்திலேயே நேரும் சிசு மரணத்தைப் பற்றிய பயம். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த கடையில் அவரே முன்னால் சென்று, மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். மெத்தைக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே விரலை நுழைத்து இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்தார்.

அதன் பிறகு வண்டி பார்க்கும் பொறுப்பு அம்மாவினுடையதாகிவிட்டது. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, நெல் வண்டி ஓட்டியவர். கடையின் விற்பனைப் பெண் துணியின் நிறத்தையும் கோப்பை வைக்கும் வளையத்தையும் விளக்கிக்கொண்டிருக்க, அம்மா குனிந்து சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி, அச்சில் லொடலொடப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிரேக்கைக் காலால் மிதித்துவிட்டு, வாசலிலிருந்த சரிவில் வண்டியை நிறுத்தித் தள்ளச் சொன்னார். "ஆழித்தேருக்கே முட்டுக்கட்டை வேண்டியிருக்கு, இது எம்மாத்திரம்?" என்றார். திருவாரூர்த் தேருக்கு இன்று முட்டுக்கட்டையோடு திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்டது அதுவன்று: ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து பூட்டிக்கொள்கின்றனவா என்பதே. ஒரு வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் பூட்டி, மற்றது வழுகிக்கொண்டு வட்டம் போட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

நான் என் பங்குக்கு வண்டிச் சட்டத்தில் ஒட்டியிருந்த விவரச் சீட்டைத் தேடினேன். ஐரோப்பாவில் இத்தகைய வண்டிகளுக்கு இஎன் 1888 என்ற பாதுகாப்புத் தர நிர்ணயம் இருக்கிறது. அதன் முதல் பகுதி 15 கிலோ வரையும் இரண்டாம் பகுதி 22 கிலோ வரையும் எடையுள்ள பிள்ளைகளுக்கான வண்டிகளைப் பற்றியது. இந்த எண் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தேவையில்லை. உட்காரும் பருவத்துக்கு, தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்நடு ஒன்று என ஐந்து இடத்தில் பூட்டும் பெல்ட் இருக்கிறதா என்றும், மடிக்கும் மூட்டில் விரல் சிக்காதபடி உறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். கார் இருக்கையையும் வண்டிச் சட்டத்தில் பொருத்தும் முழுத் தொகுப்பை விற்கக் கடைக்காரப் பெண் மிகவும் முயன்றார். எங்களிடம் கார் இல்லை. மேலும் அந்த இருக்கையில் பிள்ளை வளைந்துதான் கிடக்கும், பிறந்த குழந்தையை அதில் அரைமணிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தார். காரில் போவதற்கு அது இன்றியமையாதது. கடைத்தெருவில் மணிக்கணக்காகத் தூங்கவைக்க அது இடமன்று.

நாங்கள் வாங்கிய வண்டி 12 கிலோ இருக்கும். பெட்டித் தொட்டிலைக் கழற்றிப் பிள்ளையோடு மேலே கொண்டுபோய், சட்டத்தைக் கீழே படிக்கட்டின் அடியில் பூட்டிவைப்பது என்று தீர்மானித்த பிறகுதான் அந்தக் கனம் கட்டுப்படியாயிற்று. லண்டன் பேருந்தில் வண்டி நிற்கும் இடத்தில் சக்கர நாற்காலிக்காரருக்கே முன்னுரிமை. இதை ஒட்டிய ஒரு வழக்கு 2017இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர் ஏறினால் நாம் வண்டியை மடிக்க வேண்டும், ஆகவே ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் மடிக்க முடிகிறதா என்று கடையிலேயே ஐந்து கிலோ அரிசிப்பை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பழகிப் பார்த்தேன். கடைக்காரப் பெண் சிரித்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

இவ்வளவு பார்த்தும் ஒரு தவறு செய்தோம். ஒரு சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பும்போது என் கணவர் இரண்டு பைகளைக் கைப்பிடியில் மாட்டியிருந்தார். வீட்டு வாசலில் நான் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்த மறுநொடி, முன்பக்கம் கனம் குறைந்த வண்டி பின்னால் சாய்ந்து, சக்கரம் வானத்தைப் பார்க்கக் குடைசாய்ந்தது. பருப்பும் பால் புட்டியும் நடைபாதையில் உருண்டன. நல்லவேளையாகப் பிள்ளை என் கையில் இருந்தாள். அம்மா பதறவில்லை. "பின்பாரம்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியில் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தைத் தூக்கும், முன்பாரம் ஏறினால் கழுத்தை அழுத்தும், இரண்டுக்கும் நடுவே பாரம் ஏற்றத் தெரிந்தவனே வண்டிக்காரன் என்று தாத்தா சொல்வாராம். அன்றிலிருந்து சாமான்கள் அடிக்கூடையில்தான், அதுவும் அதில் குறித்திருக்கும் அளவுக்குள்தான்.

ஊருக்கு வந்த பிறகு வேறு விதமான சோதனைகள். மகள் உட்காரத் தொடங்கிவிட்டதால் பெட்டித் தொட்டிலை லண்டனிலேயே வைத்துவிட்டு, இருக்கையை என் பக்கம் பார்க்கும்படி பொருத்திக் கொண்டுவந்தோம். தள்ளுகிறவரைப் பார்த்தபடி உட்காரும் பிள்ளைகளிடம் தாய்மார் அதிகம் பேசுகிறார்கள் என்று 2008இல் டண்டி பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று சொன்னது. அதைப் படித்துத்தான் இருபுறமும் திருப்பக்கூடிய இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தேன். இங்கே முன்சக்கரங்கள் சாக்கடை மூடிகளின் இடுக்கில் மாட்டிக்கொள்கின்றன. அவை திரும்பாதபடி பூட்டிவிட்டால் மண் பாதையில் ஓரளவு சமாளிக்கலாம். வெயில்தான் பெரிய சிக்கல். கோயிலுக்குப் புறப்பட்ட அன்று, என் சித்தி பரிவோடு ஒரு சேலையை வண்டியின் மேல் முழுவதும் போர்த்திவிட்டார். நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அடுப்படி போலக் கனன்றது. காற்றோட்டம் நின்றுபோனால் மெல்லிய துணிகூட உள்ளே சூட்டை ஏற்றிவிடும். சேலையை எடுத்துவிட்டு, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தோம். சித்திக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நேற்று மாலை அம்மாவே பேத்தியை உட்காரவைத்து, ஐந்து பூட்டையும் போட்டு, கடைத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பதினெட்டாம் பெருக்குக்குச் சப்பரம் செய்துகொண்டிருந்த பையன்கள் சக்கரத்தைப் பார்க்கப் பின்னாலேயே ஓடினார்கள். திரும்பி வரும்போது அடிக்கூடையில் கத்தரிக்காயும் ஒரு சீப்பு பூவன் பழமும் இருந்தன. காய்க்கடைக்காரர் பையைக் கைப்பிடியில் மாட்டப் போனாராம். இவர் கையைப் பிடித்துத் தடுத்து, நடுத்தெருவில் நின்று அவருக்குப் பின்பாரத்தைப் பற்றி விளக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.