சோற்றுப்பானையும் பூசை மணியும்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன் வைக்கும் குளிர் அறை ஒன்றுக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி செய்து கொடுத்திருந்தோம். உள்ளே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று. நிமிடத்துக்கு ஒருமுறை சென்சரை வாசிக்கும். சூடு கூடியிருந்தால் உரிமையாளருக்கு எஸ்எம்எஸ் போகும். நிரலை எழுதியவன் நான்.

ஒரு இரவு இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த கையோடு அவருடைய போனுக்கு 120-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். மனுசன் பதறிப்போய் விடியமுன்னம் அங்கே ஓடியிருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசும்.

நாங்கள் பாவித்த மாடலில் பேட்டரியோடு ஓடும் மணிக்கூடு இல்லை. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எழும்பும். இணையம் கிடைத்ததும், நேரம் திருத்தும் சேவையான என்டிபி அதைச் சரியான நேரத்துக்கு ஒரே பாய்ச்சலாகத் தள்ளிவிடும். என் நிரலோ, குறித்த நேரம் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் வேலையைச் செய்து, அந்த நேரத்தோடு 60 செக்கன் கூட்டும். மணிக்கூடு பாய்ந்ததும், தவறிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் விடாமல் கடன் தீர்த்திருக்கிறது.

அலுவலகத்தில் மூத்த அண்ணை நிரலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, 2006 ஏப்ரலில இலங்கை நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வச்சவங்கள். அண்டைக்கு அடுப்பில கிடந்த சோறு அரை மணித்தியாலம் பிந்தியோ வெந்தது?"

ஊர் நேரம் ஒன்று, கழிந்த நேரம் இன்னொன்று. அந்தக் கணினியில் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் இரண்டுக்கும் தனித்தனி மணிக்கூடு உண்டு. கிளாக் ரியல்டைம் நாளும் மணியும் சொல்லும், திருத்தினால் மாறும். கிளாக் மோனோடோனிக் பின்னுக்குப் போகாது. நேரத்தை மாற்றி வைத்தாலும் பாயாது. 'இன்னும் 60 செக்கன்' என்பது சோற்றுப்பானை. 'காலை 6 மணிக்கு அறிக்கை' என்பது நல்லூர்ப் பூசை மணி, அது ஊர் நேரத்தோடுதான் போகவேண்டும். நான் இரண்டையும் ஒரே மணிக்கூட்டில் மாட்டியிருந்தேன்.

60 செக்கன் கணக்கை மோனோடோனிக்கில் வைத்து, டைமர்எஃப்டி என்ற லினக்ஸ் வசதிக்கு மாறினேன். 2008-இல் லினக்ஸ் 2.6.25-உடன் வந்தது. டைமரே ஒரு கோப்புபோல ஆகிவிடும். பல கோப்புகளில் எது தயார் என்று பார்த்துச் சொல்லும் ஈபோல், அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் காத்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது, அதை வாசித்தால் கிடைக்கும் 8 பைட் எண். போன தடவை வாசித்த பிறகு டைமர் எத்தனைமுறை முடிந்தது என்று அது சொல்லும். 3 என்று வந்தால் என்ன செய்வது என்பது எங்கள் கையில். குளிர் அறைக்கு இப்போதைய சூடு ஒன்றே போதும்.

அப்புறம் இன்னொன்று. எஸ்எம்எஸ் அனுப்பும் மோடத்தின் பதிலுக்காக அதே லூப்பில் நிரலை நிறுத்தி வைத்திருந்தேன். அந்தச் செக்கன்களில் டைமர் முடிந்தாலும் கவனிக்க ஆள் இல்லை. டைமர் தரும் உறுதி 'இதற்கு முன் இல்லை' என்பது மட்டும்தான். மோடத்தையும் ஈபோலிடம் கொடுத்தேன்.

பிறகு குருநகருக்குப் போய் நாங்களே பிளக்கைக் கழற்றி, ஒரு மணித்தியாலம் விட்டுத் திரும்பப் போட்டோம். உரிமையாளர் போனை மேசையில் வைத்தார். ஒரு செய்தி வந்தது. அடுத்தது வர மூன்று பேரும் முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்தோம்.