மூன்று நூலும் பதினாறில் மூன்றும்

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கும் எங்கள் வீட்டில் எட்டு ஜன்னல்கள். அவற்றில் நான்கு மேற்குப் பார்த்தவை. ஜூலை மாதத்தில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்களில், மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த நான்கும் நான்கு அடுப்புகளாகிவிடும். திரைச்சீலை போட்டால் வீடு இருண்டுபோகிறது, விலக்கினால் சோபாவில் உட்கார்ந்திருப்பவர் அப்பளமாகிறார். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று என் மனைவி சொல்லி மூன்று கோடைகள் கழிந்த பிறகு, பிளான்டேஷன் ஷட்டர் போடுவது என்று தீர்மானித்தோம்.

ஷட்டர் என்ற சொல்லைக் கேட்டதும், ஊரிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்த அத்தை, "குடியிருக்கிற வீட்டுக்குக் கடை மாதிரி ஷட்டர் போடுவார்களா?" என்று கவலைப்பட்டார். படத்தைக் காட்டினேன். வெள்ளை வர்ணம் பூசிய மரச்சட்டம், அதில் படுக்கைவாட்டில் அகலமான பட்டைகள், பட்டைகளைத் திருப்பினால் வெளிச்சம் வேண்டிய அளவுக்கு வரும், கதவுபோல மொத்தமாகத் திறக்கவும் செய்யலாம். மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "இது நம் ரயில் பெட்டி ஜன்னல்தானே, மாப்பிள்ளை? இதற்கா இவ்வளவு டாலர்?" என்றார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தித் தோட்டம், கரும்புத் தோட்டம் வைத்திருந்த முதலாளிகளின் மாளிகைகளில் இருந்ததால் வந்த பெயர் என்று விளக்கினேன். அவர் சமாதானம் அடையவில்லை. ரயில் ஜன்னலோடு ஒப்பிட்டது ஒன்றும் பெரிய தவறில்லை என்றுதான் எனக்கும் உள்ளூரத் தோன்றியது.

ஆள் வந்து அளந்து, செய்து, மாட்டிக் கொடுப்பதற்கு ஒரு நிறுவனம் கேட்ட தொகையைப் பார்த்ததும், அளப்பதையும் மாட்டுவதையும் நாமே செய்துகொண்டால் என்ன என்ற விபரீத எண்ணம் எனக்கு வந்தது. இந்த ஷட்டர்கள் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைக்கும் சட்டை மாதிரி. ஒருமுறை வெட்டிவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அளவில் பிழை வந்தால் பொறுப்பு அளந்தவருடையதே என்று படிவத்தின் தலையிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் தயங்கியபோது, "நான் எதற்கு இருக்கிறேன்?" என்று மாமா எழுந்தார். அவர் பொதுப்பணித்துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்த நாள் முதல் அளப்பதற்கும் குறை சொல்வதற்கும் ஒரு கட்டடமும் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்தவர்.

வேலைப் பங்கீடு எளிமையாக இருந்தது. மாமா அளந்து சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். ஜன்னல் குழிவின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் அளந்து, குழிவுக்குள்ளேயே பொருத்துவதாக இருந்தால் மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பெரியதை எடுத்தால் ஷட்டர் உள்ளே நுழையாது. சிறியதிலிருந்தும் நாமாக எதையும் கழிக்கக் கூடாது. சட்டம் உரசாமல் நுழைவதற்குக் கழிக்க வேண்டியதைத் தொழிற்சாலையே கழித்துக்கொள்ளும், நாமும் கழித்தால் இரட்டைக் கழிவாகிவிடும்.

முதல் ஜன்னல் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருப்பது. டேப்பை இழுத்ததும் அதன் முனையிலிருந்த கொக்கி ஆடுவதைக் கண்டு, டேப் பழுது, வேறு வாங்கி வருகிறேன் என்று கார் சாவியை எடுத்தேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கொக்கியின் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் அது ஆட வேண்டும் என்றும், பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே நகர்ந்தும், சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே அழுந்தியும் இரண்டு விதத்திலும் சரியான அளவைக் காட்டுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும் விளக்கினார். இருபது ஆண்டுகளாக வீட்டில் டேப் வைத்திருக்கும் நான் சாவியை அது இருந்த ஆணியிலேயே மாட்டினேன்.

"மேலே முப்பத்தைந்து, நான்கு நூல். நடுவில் முப்பத்தைந்து, மூன்று நூல். கீழே முப்பத்தைந்து, ஐந்து நூல். எந்தக் கொத்தனார் கட்டியது இது?"

கொத்தனாரே இல்லை, உள்சுவர் எல்லாம் மரக்கட்டையும் ஜிப்சம் பலகையும்தான் என்றேன். மூலைகளில் விளிம்புப் பட்டி வைத்து அதன்மேல் பசை பூசித் தேய்ப்பதால், அங்கங்கே தடித்துக் குழிவின் வாய் ஒரு சீராக இருப்பதில்லை. மாமா சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொக்கென்று உள்ளே காலியாக ஒலித்தது. அதன் பிறகு சிறிது நேரம் அவர் பேசவில்லை.

பேசத் தொடங்கியபோது தூக்குக்குண்டு கேட்டார். ரசமட்டம்தான் இருக்கிறது என்றேன். "அது படுக்கைக்கு. நிற்பதற்குக் குண்டுதான்" என்று சமையலறைக்குள் போனவர், குக்கர் வெயிட்டோடும் அத்தையின் தையல் நூலோடும் திரும்பி வந்தார். அந்த வெயிட் ஜன்னலின் உச்சியிலிருந்து தொங்கி, ஆடி, மெல்ல அடங்கி நிற்கும்வரை நாங்கள் இருவரும் கோயிலில் நிற்பதுபோல மூச்சடக்கி நின்றோம். இடப்பக்கச் சுவர் மேலிருந்து கீழே வருவதற்குள் இரண்டு நூல் சாய்ந்திருந்தது. அடுத்து மூலைவிட்டங்களை அளந்தார். இரண்டும் சமமாக இருந்தால்தான் ஜன்னலின் மூலைகள் செங்கோணம், இங்கே மூன்று நூல் வித்தியாசம். சுவரின் முகத்தில் படிந்து இடைவெளியை மறைக்கும் உதடு வைத்த சட்டம் ஒன்று இருக்கிறது, இசட் எழுத்தைப்போல வளைந்திருக்கும், அதைப் போட்டால் இந்தக் கோணல் வெளியே தெரியாது என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பருப்பு வேகவில்லை, வெயிட் எங்கே என்று அத்தையின் குரல் வந்தது. மற்ற ஏழு ஜன்னல்களுக்கும் அவருடைய சமையல் முடியக் காத்திருந்து அளந்தோம்.

ஆழத்தையும் விட்டுவிட முடியவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த பட்டை மூன்றரை அங்குல அகலம். அது கிடைமட்டமாகத் திறந்து நிற்கும்போது சட்டத்துக்குப் பின்னால் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நீட்டிக்கொண்டு, கண்ணாடியின் பூட்டுப் பிடியில் இடிக்கும் அபாயம் உண்டு. கீழ்க் கண்ணாடியும் மேல் கண்ணாடியும் சந்திக்கும் நடுச்சட்டம் குழிவின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும், ஷட்டரின் நடுக்கட்டை அதற்கு நேராக வந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும். இவை எல்லாவற்றையும் மாமா அளந்து சொல்ல, நான் எழுதினேன். படிவத்தில் முழு அங்குலத்துக்கு ஒரு கட்டமும், பதினாறில் எத்தனை என்பதற்கு ஒரு கட்டமும் இருந்தன. டேப்பில் இருக்கும் மிகச் சிறிய கோடு பதினாறில் ஒன்று. மிகச் சிறிய கோட்டைத்தான் மாமா நூல் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். மூன்று நூலா, கட்டத்தில் மூன்று. ஐந்து நூலா, ஐந்து. இதில் சந்தேகம் கேட்க என்ன இருக்கிறது?

என் மனைவி ஒரு வங்கியில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். இரவு படிவத்தை அனுப்பும் முன் ஒருமுறை காட்டு என்று வாங்கி, ஜன்னல்களை ஏறெடுத்தும் பார்க்காமல் எண்களின் மேல் மட்டும் பேனாவை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"எட்டு ஜன்னல், ஜன்னலுக்கு ஆறு அளவு, மொத்தம் 48. இந்தக் கடைசிக் கட்டத்தில் ஒன்றுகூட ஏழைத் தாண்டவில்லையே. பதினாறு பங்கு என்றால் பாதியாவது எட்டும் அதற்கு மேலும் வர வேண்டாமா?"

நான் அதைத் தற்செயல் என்றேன். அவள் அந்தச் சொல்லை வேலையில் நிறையக் கேட்டிருக்கிறாள். திரும்பிக் கூடத்தைப் பார்த்து, "அப்பா, ஒரு இஞ்சுக்கு எத்தனை நூல்?" என்று கேட்டாள்.

"எட்டு. இது என்ன கேள்வி?"

ஆக, மாமா சொன்ன 35 அங்குலம் மூன்று நூல் என்பது முப்பத்தைந்தும் எட்டில் மூன்றும். அதை முப்பத்தைந்தும் பதினாறில் மூன்றும் என்று எழுதி, எட்டு ஜன்னல்களுக்கும் குட்டை ஷட்டர் தைக்க நான் ஏற்பாடு செய்திருந்தேன். ஆசாரிகளும் கொத்தனார்களும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு கணக்கு, ஊரில் பிறந்து பொறியியல் படித்த மாப்பிள்ளைக்குத் தெரியாது என்பதை மாமாவால் அன்றிரவு முழுவதும் ஜீரணிக்க முடியவில்லை. எண்களை இரண்டால் பெருக்கினாலே போதும் என்றேன். போதாது என்றார்கள் தந்தையும் மகளும் ஒரே குரலில். "மூன்று நூல், கொஞ்சம் தாராளம்" என்று மாமா சில இடங்களில் சொன்னதில் அந்தத் தாராளத்தை நான் எங்குமே எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் அலுவலகம் போவதற்கு முன் மூவருமாக ஏழு ஜன்னல்களை மீண்டும் அளந்தோம். எட்டாவது குளியலறை ஜன்னல். அப்போது யாரும் உள்ளே போக முடியாது, ஏனென்றால் மாமா ஏழாவது ஜன்னலை முடித்த கையோடு குளிக்கப் போயிருந்தார், அவர் குளியல் சாமானியத்தில் முடிவதில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி கிளம்பினாள். அந்தப் பிறகு வரவேயில்லை. மதியம் ஏழு ஜன்னல்களின் புதிய அளவுகளையும், எட்டாவதற்கு முதல் நாள் எழுதிய 23 அங்குலம் பதினாறில் ஐந்தையும் அப்படியே சேர்த்து நான் அனுப்பிவிட்டேன். தணிக்கை செய்ய அவள் வீட்டில் இல்லை.

ஏழாவது வாரத்தில் பெட்டிகள் வந்தன. மாமாவும் அத்தையும் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். ஏழு ஷட்டர்கள், உறைக்குள் வாள் இறங்குவதுபோல இறங்கின. எட்டாவதன் உயரம் முழு அங்குலத்தில் முடிந்திருந்ததால் தப்பித்தது. அகலத்தில் மட்டும், சட்டத்தின் உதட்டையும் மீறி ஒரு பக்கம் வெளிச்சக் கோடு தெரிந்தது.

அன்று மாலை வாட்ஸாப்பில் காணொளி அழைப்பு. ஏழு ஜன்னல்களையும் வரிசையாகக் காட்டினேன், மாமா தலையாட்டிக்கொண்டே வந்தார். "குளியலறை?" என்றார். விளக்கு எரியவில்லை என்றேன். "பகலில் எதற்கு விளக்கு?" என்றார். காட்டினேன். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்குள் தலையை விடுவதுபோலக் குனிந்து பார்த்தார்.

"இரண்டரை நூலுக்குப் பட்டி வையுங்கள், மாப்பிள்ளை."

கடையில் கால் அங்குலப் பட்டிதான் கிடைத்தது, அதாவது இரண்டு நூல். மிச்சம் அரை நூலை வெள்ளைப் பசை வைத்து அடைத்திருக்கிறேன்.